பெயரில்லாத பட்டன்

ஒரு ஆப்பை எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதுவது என்று முடிவு செய்வதில் குமட்டல் வர என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் வேலையில் நடப்பதெல்லாம் ஏதோ சுத்தமான, ஏசி போட்ட விஷயம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. முழுதும் சொன்னேன். அதன் பிறகு அவர் அப்படிக் கேட்டதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பத்துப் பேர் இருப்போம். எங்கள் வீட்டில் எல்லோரும் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டவர்கள்தான். என் தலைமுறையில் ஒருத்தர்கூட வயலில் இல்லை. நான் சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு ஊரோடு வந்து இந்த ஆபீசில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருகிற தூரத்தில் இந்த வேலை கிடைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலாளியை சார் என்றுதான் கூப்பிடுவோம். பேசும்போது பைக் சாவியால் காதைக் குடைவார். பிறகு அதே சாவியால் என் ஸ்கிரீனைத் தொட்டு, "இந்த எடத்துல கலர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு பாரு" என்பார். சாவி பட்ட இடத்தில் மெழுகு மாதிரி ஒரு புள்ளி நிற்கும். அவர் நகர்ந்ததும் துடைப்பேன். அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, சிதம்பரம் மேல வீதியில் கம்ப்யூட்டர் டிரெய்னிங் சென்டர் நடத்தினார். மச்சான் நேர் எதிர். தேய்த்த சட்டை, தூக்கலான சென்ட், எல்லோரையும் ப்ரோ, சிஸ்டர் என்று கூப்பிடுகிற மரியாதை. முதலில் பார்த்தபோது, இந்தக் குடும்பத்தில் இவராவது பரவாயில்லை என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் பார்வையில்லாத பட்டதாரிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் எங்களிடம் வந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது இதுதான். பார்வையில்லாத மாணவர்கள் பரீட்சை எழுத வேண்டுமென்றால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஆள் பிடிப்பது பெரிய பாடு. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, வருகிறேன் என்றவர் காலையில் போனை எடுக்காமல், வாசலில் நின்றபடி வேறு ஒருவரைக் கெஞ்சி என்று நடக்கும். எழுத முன்வருகிறவர்களையும் ஆள் தேவைப்படுகிறவர்களையும் சேர்த்துவிட ஒரு ஆப் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தனியார் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டது.

மாணவர்களிடம் இருந்தது மலிவான ஆண்ட்ராய்டு போன்கள். சங்கத்தின் செயலாளரும் இன்னும் சிலரும் பழைய ஐபோன் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதினால் வேலை இரட்டிப்பு. ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓட வைக்கிற ஃப்ரேம்வொர்க், அதாவது ஆப் கட்டுவதற்கான அடித்தளம், ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலையை சார் என்னிடம் கொடுத்தார். ஆபீசில் இருந்த இரண்டு இளவட்டங்கள் அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவனுக்கு டார்ட் என்ற புரோகிராம் மொழியில் எழுதுவதுதான் உயிர். இன்னொருவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டை விட்டால் வேறு உலகம் கிடையாது. கிரிக்கெட் ரசிகர்கள் மாதிரி மீம் அனுப்பிக்கொண்டார்கள். யாருக்காக எழுதப் போகிறோம் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். கெமிக்கல் தொழிற்சாலைகள் இருக்கும் குடிகாடு தாண்டும்வரை எல்லோரையும் போல ஜன்னலை மூடி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கத்தின் அறை ரயிலடிக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. செயலாளர் பேங்க் கிளார்க். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதிகம் பேசமாட்டார். பேசினால் வாக்கியத்தை முடிக்காமல் விடமாட்டார். அவரோடு ஒரு பெண் இருந்தாள். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்து எம்.ஏ. வரலாறு படிக்கிறவள். சின்ன வயதில் காய்ச்சலில் பார்வை போனதாகச் சொன்னாள். வாய் கொஞ்சம் நீளம். அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"போன செமஸ்டர்ல ஒருத்தரு எழுத வந்தாருக்கா" என்றாள். "நான் சொல்றத எழுதல. அவருக்குத் தெரிஞ்சத எழுதினாரு. வீட்டுக்கு வந்து சும்மா பேச்சுவாக்குல சொல்றாரு, நீ சொன்னது சுமாரா இருந்துச்சும்மா, நானே கொஞ்சம் நல்லா எழுதிட்டேன்னு."

"மார்க்கு?"

"அவரு பெயிலாயிட்டாரு. என் நம்பர்ல."

செயலாளர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த ஆப்பின் மூன்று பக்கங்களை மட்டும் மாதிரிக்கு மூன்று விதமாக எழுதிக்கொண்டு அடுத்த தடவை போனேன். ஒன்று டார்ட்டில். ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டில். மூன்றாவது, இணையப் பக்கத்தையே ஆப் மாதிரி ஒரு உறைக்குள் போட்டுக் கொடுப்பது. மூன்றிலும் ஆள் கேட்பது, தேதி சொல்வது, சரி என்று உறுதி செய்வது, இவ்வளவுதான். பார்வையில்லாதவர்கள் போனில் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பார்கள். விரல் எதன்மேல் படுகிறதோ அதைப் படித்துச் சொல்லும். நான் கேட்கும் வேகத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் அந்தப் பெண் அதை ஓடவிட்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

உறைக்குள் போட்டதை முதலில் ஒதுக்கினாள். "இது இன்னாக்கா, தேதியத் தொட்டா மறுபடியும் வாசலுக்கே கொண்டாந்து வுடுது. திரும்ப மொதல்லேர்ந்து நடக்கணுமா?"

டார்ட்டில் எழுதியதைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தடவினாள். அந்த ஃப்ரேம்வொர்க் திரையில் தெரிகிற எல்லாவற்றையும் தானே வரைகிறது. வெறும் படம் போட்ட பட்டன் என்றால், இது இன்ன பட்டன் என்று எழுதுகிறவர்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். நான் அவசரத்தில் சிலவற்றுக்கு வைக்காமல் விட்டிருந்தேன்.

"நீ பேரு வச்ச எடம் பேசுது. வைக்காத எடம் செவுரு மாதிரி நிக்குது. வெறும் பட்டன், பட்டன்னு சொல்லுது. எந்தப் பட்டன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியது போனிலேயே இருக்கிற பட்டன்களை எடுத்துக்கொள்கிறது. எழுத்துப் போட்ட பட்டன் என்றால் நான் ஒன்றும் செய்யாமலே பேசியது. செயலாளரின் ஐபோனில் மட்டும் தேதியை வருஷம், மாதம், நாள் என்று தலைகீழாகப் படித்தது. அவர் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "இது சரிசெய்யக்கூடியதுதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

பட்டனில் என்ன எழுதுவது என்பதிலும் அந்தப் பெண் விடவில்லை. நான் 'உதவி தேவை' என்று போட்டிருந்தேன்.

"உதவின்னு போடாதக்கா. நாங்க கேக்குறது உதவி இல்ல. எழுத ஆளு."

அங்கேயே உட்கார்ந்து 'எழுத ஆள் வேண்டும்' என்று மாற்றினேன். ஸ்கிரீன் ரீடர் அதைச் சொன்னதும் இன்னொரு தடவை தொட்டுக் கேட்டாள். "இது சரி" என்றாள்.

கடலூருக்குத் திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்ட் முதலில். டார்ட்டும் முடியும், ஆனால் உட்கார்ந்து ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் வைக்கிற பொறுமை வேண்டும். உறை வேண்டவே வேண்டாம். சார் சாவியைக் காதில் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சூப்பர்மா. டார்ட்லயே போயிடலாம்."

"நான் ஜாவாஸ்கிரிப்ட்னு சொன்னேன் சார்."

"டார்ட்லயும் முடியும்னு நீதான சொன்ன? பெறகென்ன? அந்த சாம்பிள் ஆப்பு இருக்கிற போனை நாளைக்கு இங்க வச்சிட்டுப் போ. மச்சான் பாக்கணும்னான்."

மறுநாள் போனை வைத்துவிட்டுப் போனேன். அதற்கடுத்த நாள் மச்சான் வந்தார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு ஆப் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய சென்டரில் டார்ட் வகுப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் பாடத்துக்காக ஒரு டெம்ப்ளேட், அதாவது ரெடிமேட் ஆப், வாங்கியிருந்தார்கள். ஹோட்டலிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற ஆப்பின் டெம்ப்ளேட். அதில் பெயரை மாற்றி சங்கத்துக்குக் கொடுத்துவிடுவது, வேலையை சென்டர் மாணவர்களை வைத்துச் செய்துகொள்வது என்று நான் சிதம்பரம் போவதற்கு முன்பே மாமனும் மச்சானும் பேசி முடித்திருக்கிறார்கள். நான் மூன்று விதமாக எழுதி எடுத்துக்கொண்டு அலைந்தது, ஆராய்ந்துதான் தேர்ந்தெடுத்தோம் என்று அறக்கட்டளைக்குக் காட்டுவதற்கு.

அதுகூட எனக்குப் புதிதில்லை. பல ஆபீசில் பார்த்ததுதான். பிறகு அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஸ்கிரைப்பாக எழுத வருகிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'கார்ட்டில் சேர்' என்று படமாக வரைந்த ஒரு பட்டன். தொட்டால், 'உங்கள் ஆர்டர் தயாராகிறது' என்று வந்தது. ஆள் கேட்கிற மாணவருக்கு 'கஸ்டமர்' என்று பெயர். கீழே ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் ஆவி பறக்கிற மாதிரிப் படம். அதைக்கூட எடுக்கவில்லை. நான் ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டேன். பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன் என்று சொல்லிக்கொண்டே போனது.

"இதை அவுங்களால பயன்படுத்தவே முடியாது" என்றேன். "கார்ட்டுன்னு வேற இருக்கு. படமெல்லாம் சாப்பாட்டுப் படம்."

மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"சிஸ்டர், படம் எதுவா இருந்தா இன்னா? அவுங்க பாக்கவா போறாங்க?"

சாரும் சிரித்தார். அந்த இளவட்டங்களில் ஒருவனும் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் எழுந்து வாஷ்பேசினுக்குப் போனேன். அதில் யாரோ காறித் துப்பியதற்குத் தண்ணீர்கூட விடாமல் போயிருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

டார்ட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. ஒழுங்காக எழுதினால் அதிலும் எல்லாம் பேசும். நான் அந்த டெம்ப்ளேட்டையே எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் பெயர் வைக்க ஆரம்பித்தேன். காலையில் நான் வைத்த பெயர்கள் சாயங்காலம் காணாமல் போயின. சென்டரில் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பிரதியை அதன்மேல் ஏற்றிவிட்டுப் போனார்கள். கேட்டால், "சார் கலர் மாத்தச் சொன்னாரு மேடம்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கற்றுக்கொள்ளப் பணம் கட்டி வந்தவர்களை இலவச வேலைக்கு விட்டிருந்தார்கள். நான் சாரிடம் இரண்டு தடவை முறையிட்டேன். "சங்கத்துல காட்டுற டெமோ முடியட்டும்மா. அப்பறம் பொறுமையா சரி பண்ணிக்கலாம்" என்றார்.

டெமோவுக்கு சாரின் காரில் போனோம். முன்சீட்டில் சாரும், வண்டி ஓட்டிய மச்சானும். பின்னால் நானும் ஒரு ஸ்வீட் பாக்ஸ் அடுக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் மச்சானின் சென்ட் வாசனையும் நெய் வாசனையும் கலந்து எனக்குத் தலையை வலித்தது. பரங்கிப்பேட்டை பிரிகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று கொஞ்சம் காற்று வாங்கினேன்.

சங்கத்தின் அறையில் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒரு அம்மாவும் மகனும். ஸ்ரீமுஷ்ணம் பெண் முன்வரிசையில் செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சார் ஒவ்வொருவர் கையிலும் ஸ்வீட்டை வைத்து போட்டோ எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம்" என்று அவர்கள் தாடையைத் தொட்டுத் திருப்பினார். ஒருத்தர், "எதுக்கு சார் போட்டோ?" என்று கேட்டார். "சும்மா, ஞாபகத்துக்கு" என்றார் சார். பஸ் ஸ்டாண்டில் வைக்கிற விளம்பரப் பேனருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். காரில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மச்சான் மேஜைமேல் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் இல்லையா என்றார். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்றேன்.

"இப்ப ஆப்பைத் தொறக்கிறேன்" என்றார். விரலால் திரையைத் தொட்டார்.

ஸ்பீக்கர் பேசியது. "எழுத ஆள் வேண்டும். பட்டன்."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். திரையில் 'கார்ட்டில் சேர்' என்றுதான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் விரல் திரையில் சும்மா வட்டம் போட்டது. ஸ்பீக்கர் அடுத்ததைச் சொன்னது. "பரீட்சைத் தேதி. தேர்ந்தெடுக்க இரண்டு முறை தட்டவும்."

அது நான் எழுதிய வாக்கியம். நான் மாதிரிக்கு எழுதிய ஆப்பின் குரல். ஆபீசில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களே, அன்றைக்கு அதை ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொரு போன் அவர் பாக்கெட்டில் இருந்தது. பார்வையில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில், ஒரு போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பாக்கெட்டில் இருக்கிற இன்னொரு போனிலிருந்து பாட்டுப் போடுகிற மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தார். சார் சுவரில் சாய்ந்து நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். பூரானை மிதித்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது.

"ப்ரோ, ஸ்பீடு கொஞ்சம் கூட்டுங்க" என்றாள் அந்தப் பெண். "ரொம்ப மெதுவா பேசுது."

"எல்லாருக்கும் புரியணும்ல சிஸ்டர்."

"எங்களுக்கு இது தூக்கம் வருது. கூட்டுங்க."

"செட்டிங்ஸ் உள்ள போவணும். அப்பறம் காட்டுறேன்."

"அப்ப போன இங்க குடுங்க. நானே பாத்துக்கிறேன்." கையை நீட்டினாள்.

"சார்ஜ் கம்மியா இருக்கும்மா."

"இருக்கிற சார்ஜ் போதும்."

அவள் கை நீட்டியபடியே இருந்தது. மச்சான் போனைப் பின்னால் இழுத்துக்கொண்டு சாரைப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் பாக்கெட்டில் இருந்ததை நிறுத்த மறந்துவிட்டார். ஸ்பீக்கர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனது. தேதி. காலை நேரம். சரி. பட்டன். கோரிக்கை அனுப்பப்பட்டது.

அறையில் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நீங்க இந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு இருக்கீங்களே, இப்ப யாரு ஸ்வைப் பண்றாங்க?"

மச்சான் பாக்கெட்டுக்குள் எதையோ அழுத்தினார். குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"அது அக்கா அன்னைக்குக் காட்டுன ஆப்புதான?" என்றாள் அந்தப் பெண். "எழுத ஆள் வேண்டும்னு நான் சொல்லி மாத்துனது."

சார் சுவரை விட்டு வந்தார். குரலில் பதற்றமே இல்லை. "அதான் நம்ம மேடம் இங்கதான் இருக்காங்களே. டெக்னிக்கலா நீயே சொல்லும்மா. ஆப்பும் கொரலும் சேரல, சின்ன சிங்க் பிரச்சினை, இல்லியா?" என்று என் தோளில் தட்டினார். சிதம்பரம் வரும்வரை அந்தக் கை சாவியைக் காதில் வைத்துச் சுழற்றிக்கொண்டு வந்தது. நான் நகர்ந்து நின்றேன்.

"இல்ல சார்" என்றேன். பிறகு செயலாளர் பக்கம் திரும்பிச் சொன்னேன். "அது ரெக்கார்டிங். நான் முன்னாடி கொண்டுவந்தேனே, அந்த ஆப்போட குரல். இவரு கையில இருக்கிறது வேற ஆப்பு. சாப்பாடு ஆர்டர் பண்றது. அதுல பட்டன் எதுவும் பேசாது."

அந்த அம்மா தன் மகனிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார். செயலாளர் தன் கையில் இருந்த ஸ்வீட்டை மேஜையைத் தடவி, அதன்மேல் வைத்தார். "நீங்க கெளம்பலாம்" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

படியிறங்கும்போது சார் முன்னால் போனார். கீழே போய் நின்று திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப வருத்தமாகச் சொன்னார். "நீ வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன்மா இப்படிப் பண்ணின?"

அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பார்வையில்லை என்றால் மூளையும் இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் காரில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் கடலூர் பஸ் பிடித்தேன். மறுநாள் ஆபீசுக்குப் போய் என் தண்ணி பாட்டிலையும் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் அருவருப்பு. நான் டார்ட்டுக்கு எதிரி, ஜாவாஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்து நல்ல பிராஜெக்டைக் கெடுத்துவிட்டேன் என்று சார் வெளியில் சொன்னார். கடலூர் சின்ன ஊர். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைவிடச் சின்ன ஊர். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், "நீங்க ஜாவாஸ்கிரிப்ட் பார்ட்டியாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பார்வையில்லாதவர்கள் முன்னால் ரெக்கார்டிங் போட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஃப்ரேம்வொர்க் சண்டை என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

சில வாரம் கழித்து செயலாளர் போன் செய்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

"நீங்களும் அந்த ஆபீஸ்லேர்ந்துதானே வந்தீங்க?" என்றார். "அந்த ஆப் பேசாதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தும் எங்களுக்கு ஏன் ஒரு போன் பண்ணல?"

"டெமோவுக்குள்ள சரி பண்ணிடலாம்னு நெனச்சேன் சார். பேரு வச்சிக்கிட்டே இருந்தேன்."

அவர் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு வந்தார். "ஸ்ரீமுஷ்ணம் பொண்ணு அந்த ஆப்பை உங்களையே செய்யச் சொல்லலாம்னு சொல்றா. நான் இன்னும் முடிவு பண்ணல. நீங்க செய்யறதா இருந்தா ஒவ்வொரு வாரமும் எங்க போன்ல, எங்க கையில குடுத்துக் காட்டணும்."

ஒத்துக்கொண்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஜாவாஸ்கிரிப்ட்டில்தான். அந்த ஃப்ரேம்வொர்க்கும் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தது. பாதி வேலையில் புதுப் பதிப்பு வந்தது. ஏற்றினேன். மற்றவர்கள் எழுதியதை எடுத்துச் சேர்த்திருந்த துணைநிரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பட்டன் ஐபோனில் ஊமையானது. எவனோ எங்கோ பராமரிக்காமல் விட்டுப் போன ஒரு துண்டு புரோகிராமுக்காக நான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். டார்ட்டிலேயே போயிருக்கலாமோ என்று வாய்விட்டுச் சொன்னது என் வீட்டுக்காரருக்குக்கூடக் கேட்டது. ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் போனேன். அந்தப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஒருநாள் சுளிக்கவில்லை. தேதி வரிசையைக் கேட்டுவிட்டு செயலாளர், "சரியாக இருக்கிறது" என்றார்.

பரீட்சைக் காலத்தில் ஓடியது. அந்தப் பெண்ணின் முதல் பேப்பருக்கு பி.ஏ. படிக்கிற ஒரு பெண் வந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். இன்னொரு பேப்பருக்கு ஆப்பில் யாரும் வரவில்லை. பழையபடி எல்லோருக்கும் போன் போட்டார்கள். எழுத ஆளே இல்லாத ஊரில் ஆப் வைத்து ஆளைப் பிறப்பிக்க முடியாது. ஆனால் யாரும் வரவில்லை என்பதாவது அவளுக்கு முன்கூட்டியே, தெளிவாக, அவளுக்குப் பிடித்த வேகத்தில் தெரிந்தது. அவள் எம்.ஏ. முடித்துவிட்டாள். இப்போது பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவ்வப்போது போன் செய்து, "அக்கா, இந்த எடத்துல மறுபடியும் செவுரு வந்துட்டுது" என்பாள். அப்டேட்டில் என்ன உடைந்தது என்று தேடுவேன்.

போன ஆவணியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாரைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசை. மச்சானும் பக்கத்தில் இருந்தார். அவருடைய சென்டருக்குக் கூட்டம் குறையவில்லையாம். புதிதாக நெய்வேலியிலும் ஒன்று திறந்திருப்பதாகப் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரிச் சிரித்தார். "நம்ம ஆபீஸ்ல இருந்த பொண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிமுகம் செய்தார். பிறகு சாம்பார் வழிகிற விரலை என் பக்கம் நீட்டிக் கேட்டார்.

"அந்த கண்ணு தெரியாதவங்க ஆப்பு, கடைசில எதுலம்மா பண்ணின?"

"ஜாவாஸ்கிரிப்ட்ல சார்."

அவர் மச்சானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன் பாரு, இவன்தான் கேக்கல" என்றார். மச்சானும் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு பேருமே அதை நம்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பாயசம் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.